தமிழகக் கணக்கு மரபில் சார்பும் நேரிய சமன்பாடும்

இயற்கணிதம் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் சந்திக்கும் கருத்துகளில் இரண்டு, சார்பும் நேரிய சமன்பாடும் ஆகும். ஓர் எண் கொடுக்கப்பட்டால் அதற்குரிய மற்றோர் எண் ஒன்றே ஒன்றாக முடிவாகுமானால், அந்தத் தொடர்பு சார்பு எனப்படும். தெரியாத எண் ஒன்று நிறைவேற்ற வேண்டிய நிபந்தனையைச் சமக்குறியின் இரு பக்கங்களிலும் எழுதுவது சமன்பாடு. தெரியாத எண் தன்னோடு தான் பெருக்கப்படாமல் முதற்படியில் மட்டும் வந்தால் அது நேரிய சமன்பாடு. பழைய பாடநூல்கள் இதனை ஒருபடிச் சமன்பாடு என்றன.

பாடநூலில் இவை தனித்தனி இயல்களில் வருவதால் பலருக்கு இவற்றின் உறவு தெரிவதில்லை. உண்மையில் இவை ஒரே தொடர்பை இரு திசைகளிலிருந்து கேட்கும் கேள்விகள். "இதைக் கொடுத்தால் எது கிடைக்கும்?" என்பது சார்பின் கேள்வி. "இது கிடைக்க எதைக் கொடுத்திருக்க வேண்டும்?" என்பது சமன்பாட்டின் கேள்வி. தமிழகத்தின் பழைய கணக்கு மரபைப் பார்த்தால் முதல் கேள்வி இங்கே எவ்வளவு வேரூன்றியிருந்தது என்பதும், இரண்டாவது கேள்விக்கு எழுத்துக் குறியீடு ஏன் தேவைப்பட்டது என்பதும் விளங்கும்.

பலாப்பழமும் பூசணிக்காயும்

காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம் தமிழில் புகழ்பெற்ற கணக்கு நூலாகும். நிலம், பொன், நெல், அரிசி முதலியவற்றை அளக்கும் முறைகளை அது செய்யுளில் சொல்கிறது. அதில் இன்றும் பலர் நினைவில் வைத்திருப்பது பலாச்சுளைக் கணக்கு. பழத்தை அறுக்காமல் சுளைகளின் எண்ணிக்கையை அறிய, காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, அதை 6-ஆல் பெருக்கி, 5-ஆல் வகுக்க வேண்டும் என்பது விதி. முட்கள் 50 எனில் சுளைகள் 60. முட்கள் 75 எனில் சுளைகள் 90. இன்றைய முறையில் எழுதினால்,

சுளை = முள் × 6 ÷ 5

இது ஒரு நேரிய சார்பு. முள்ளின் எண்ணிக்கை உள்ளீடு, சுளையின் எண்ணிக்கை வெளியீடு. ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ஒரே ஒரு வெளியீடுதான் உண்டு.

பூசணிக்காயின் விதைகளை அறியும் கணக்கும் இதே மரபில் வழங்குகிறது. காயின் மேலுள்ள கீற்றுகளை எண்ணி, 3-ஆல் பெருக்கி, பின்னர் 6-ஆலும் 5-ஆலும் பெருக்கி, கிடைத்ததில் பாதியைத் தள்ளி, எஞ்சியதை 3-ஆல் வகுக்க வேண்டும். கீற்றுகள் 10 என்று கொண்டால் 30, 180, 900, 450, 150 என்று கணக்கு நடக்கும். விடை 150 விதைகள். ஐந்து படிகளையும் ஒன்றாகச் சேர்த்தால் 3 × 6 × 5 ÷ 2 ÷ 3 = 15. ஆக, விதி முழுவதும் "கீற்றை 15-ஆல் பெருக்கு" என்று சுருங்கிவிடுகிறது. ஒரு சார்பின் வெளியீட்டை அடுத்த சார்பின் உள்ளீடாக்குவதைச் சார்புகளின் சேர்ப்பு என்பர். நேரிய சார்புகளை எத்தனை முறை சேர்த்தாலும் கிடைப்பது நேரிய சார்பாகவே இருக்கும் என்பதற்கு இதைவிட எளிய எடுத்துக்காட்டு தேவையில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை வேண்டும். எல்லாப் பலாப்பழமும் இந்த விதிக்குக் கட்டுப்படும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. கணக்கு பிழையின்றி இருந்தும் பழம் அதற்கு இணங்காமல் போகலாம். விதி ஒரு சார்பா என்பது ஒரு கேள்வி. அந்தச் சார்பு உலகத்தோடு பொருந்துகிறதா என்பது வேறொரு கேள்வி. முதலாவதற்குக் கணிதம் விடை சொல்லும். இரண்டாவதற்குப் பழத்தை அறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

எண்சுவடி

திண்ணைப் பள்ளிகளில் மாணவர் மனப்பாடம் செய்த வாய்ப்பாடு நூல் எண்சுவடி. முழு எண்களின் பெருக்கல் மட்டுமன்றி, மா (இருபதில் ஒன்று), காணி (எண்பதில் ஒன்று), முந்திரி (முந்நூற்று இருபதில் ஒன்று) ஆகிய பின்னங்களின் வாய்ப்பாடுகளும் கற்பிக்கப்பட்டன. எண்களுக்குப் பொன்னிலக்கமும், நெல் அளவைகளுக்கு நெல்லிலக்கமும், நிலப்பரப்புக்குக் குழிமாற்றும் இருந்தன. சட்டாம்பிள்ளை முன்னே சொல்ல மற்றவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொல்வது வழக்கம்.

வாய்ப்பாடு என்பது மனத்தில் எழுதப்பட்ட அட்டவணை. இடப்பக்கத்து எண்ணைச் சொன்னால் வலப்பக்கத்து எண் நாவில் வரும். இன்றைய பாடநூலில் இரண்டு வட்டங்கள் வரைந்து, ஒன்றிலுள்ள எண்ணிலிருந்து மற்றதிலுள்ள எண்ணுக்கு அம்புக்குறி போடுவதும் இதையே காட்டுகிறது.

இந்தப் பள்ளிகள் வெளியுலகின் கவனத்தையும் பெற்றன. சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் முறையை இங்கே கண்டு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். 1822-இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ தம் ஆட்சிப் பகுதியின் பள்ளிகளைப் பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. 1910-இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவானபோதும், பின்னர் 1985-இல் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் பிரிந்தபோதும் அவற்றின் மாவட்டம் மாறியது. மன்றோவுக்குக் கிடைத்த அறிக்கைகளைத் தரம்பால் தொகுத்து 1983-இல் வெளியிட்டார்.

நிலவின் அட்டவணை

அட்டவணைச் சார்பின் மிக உயர்ந்த வடிவம் தமிழகத்தில் வாக்கியப் பஞ்சாங்கமாக வளர்ந்தது. நிலவு வானில் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. ஆனால் 248 நாள்களில் அதன் வேகமாறுதல் ஏறக்குறைய ஒன்பது சுற்றுகளை முடித்துப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இதைப் பயன்படுத்தி ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 248 வாக்கியங்கள் இயற்றப்பட்டன. கடபயாதி முறையில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு என்பதால், வாக்கியத்தைச் சொன்னாலே நிலவின் இடம் எண்ணாகக் கிடைத்துவிடும். வரருசியின் பெயரால் இவை வழங்குகின்றன. நாள் எண் உள்ளீடு, நிலவின் நிலை வெளியீடு.

ஜான் வாரன் என்ற ஆய்வாளர் புதுச்சேரியில் இத்தகைய பஞ்சாங்கக் கணக்கர் ஒருவரைச் சந்தித்தார். அவர் எதையும் எழுதாமல், தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான அட்டவணைகளைக் கொண்டு 1825-ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய நாள்களுக்கு இடையே நிகழ்ந்த நிலவுமறைப்பைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். வாரன் இம்முறையைத் தம் கால சங்கலித நூலில் பதிவு செய்தார். 1952-இல் அறிவியல் வரலாற்றாசிரியர் ஓட்டோ நியூகபவர் இதனைத் தமிழ் வானியல் என்ற தலைப்பில் ஆராய்ந்தார்.

நிலவின் சார்பு நேரியது அன்று. அதனால்தான் ஒற்றை விதி போதாமல் 248 வாக்கியங்கள் தேவைப்பட்டன. ஆனால் அடுத்தடுத்த இரண்டு நாள்களுக்கு இடையே வரும் நேரத்துக்கு, அந்த ஒரு நாளின் நகர்வை நேரிய வீதத்தில் பங்கிட்டுக் கொள்ளலாம். வளைந்த பாதையைச் சிறு சிறு நேர்கோடுகளாகக் கொள்ளும் இந்த உத்தி இன்றும் கணிதத்தின் அடிப்படைகளில் ஒன்று.

திரைராசிகமும் அதன் எல்லையும்

அன்றாட வணிகத்தில் மிகுதியாகப் பயன்பட்டது திரைராசிகம். மூன்று தொகைகள் தெரிந்தால் நான்காவதைக் காணும் முறை இது. 5 படி அரிசி 200 ரூபாய் எனில் 8 படி என்ன விலை? 200 × 8 ÷ 5 = 320 ரூபாய். ஆரியபட்டர் 499-இல் எழுதிய ஆரியபட்டீயத்திலேயே இந்த விதி இருக்கிறது.

ராஜபாளையம் நூற்பாலைகளின் ஊர். ராஜபாளையம் மில் 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜாவால் தொடங்கப்பட்டது. நூலின் மென்மையை ஆலைகளில் நம்பரால் சொல்வார்கள். 840 கெஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருமோ, அதுவே அந்நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 40 × 840 = 33,600 கெஜம் இருக்கும். எடை இரு மடங்கானால் நீளமும் இரு மடங்காகும். இது நேர் மாறல், திரைராசிகம் பொருந்தும் இடம்.

நீளத்தை 33,600 கெஜம் என்று நிலையாக வைத்து நம்பரை மாற்றினால் நிலைமை வேறு. 20-ஆம் நம்பர் நூல் 2 பவுண்டு எடை வரும். 40-ஆம் நம்பர் 1 பவுண்டு. 80-ஆம் நம்பர் அரை பவுண்டு. நம்பர் கூடக் கூட எடை குறைகிறது. ஆனால் சம அளவில் குறையவில்லை. இதை வரைபடமாக வரைந்தால் வளைகோடு வரும். இதுவும் சார்புதான், நேரிய சார்பு அன்று. சார்பு என்றாலே நேர்கோடு என்று நினைப்பது தொடக்க மாணவர் செய்யும் பொதுவான தவறு.

திரைராசிகத்துக்கு வேறோர் எல்லையும் உண்டு. 2013 ஆகஸ்டில் சென்னை ஆட்டோக்களுக்குத் தமிழக அரசு நிர்ணயித்த கட்டணம், முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். 6.8 கிலோமீட்டர் சென்றால் 25 + 60 = 85 ரூபாய். இரு மடங்கு தூரமான 13.6 கிலோமீட்டருக்கு 170 ரூபாய் என்று திரைராசிகம் சொல்லும். மீட்டர் சொல்வது 25 + 141.60 = 166.60 ரூபாய். தொடக்கத்தில் ஒரு நிலையான தொகை சேர்ந்துவிட்டதால் "இரு மடங்குக்கு இரு மடங்கு" என்ற விதி உடைந்துவிட்டது. ஆயினும் கூடும் வீதம் மாறவில்லை. 1.8 கிலோமீட்டருக்குப் பின் வரும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அதே 12 ரூபாய்தான். எனவே அந்தப் பகுதியின் வரைபடம் நேர்கோடே. நேர் மாறலின் கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லும். நிலையான தொகை சேர்ந்த கோடு அங்கே செல்லாது. திரைராசிகத்திலிருந்து இயற்கணிதத்துக்குப் போகும் வாசல் இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

பின்னோக்கிய கேள்வி

பாஸ்கரர் 1150-ஐ ஒட்டி எழுதிய லீலாவதியில் ஒரு கணக்கு உண்டு. ஒருவர் தம்மிடமிருந்த தாமரை மலர்களில் மூன்றில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு, ஆறில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என நான்கு தெய்வங்களுக்குப் படைத்தார். எஞ்சிய 6 மலர்களைக் குருவுக்கு அளித்தார். மொத்தம் எத்தனை?

இங்கே வெளியீடு தெரியும், உள்ளீடு தெரியாது. பழைய முறை இது: வசதியான ஓர் எண்ணைப் பொய்யாக வைத்துக்கொள்வது. 60 என்று வைத்தால் 20, 12, 10, 15 போக எஞ்சுவது 3. வேண்டியது 6, அதாவது இரு மடங்கு. எனவே விடை 120. தெரியாததைக் குறிக்க எந்த எழுத்தும் தேவைப்படவில்லை.

இந்த உத்தி வேலை செய்வதற்குக் காரணம் அந்தத் தொடர்பு நேர் மாறலாக இருப்பதுதான். ஆட்டோக் கட்டணத்தில் இதைச் செய்து பாருங்கள். 145 ரூபாய் கொடுத்தவர் எவ்வளவு தூரம் சென்றார்? 6.8 கிலோமீட்டர் என்று பொய்யாக வைத்தால் கட்டணம் 85. 145-ஐ 85-ஆல் வகுத்து 6.8-ஆல் பெருக்கினால் 11.6 கிலோமீட்டர் வரும். அது தவறு. முதலில் நிலையான 25-ஐக் கழிக்க வேண்டும். எஞ்சிய 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10. அதனுடன் 1.8 சேர்த்தால் 11.8 கிலோமீட்டர். கூட்டியதைக் கழித்து, பெருக்கியதை வகுத்து, சார்பு வந்த வழியே திரும்பி நடந்தால் விடை கிடைக்கிறது. நேரிய சமன்பாட்டைத் தீர்ப்பது என்றால் இதுதான்.

தெரியாத எண் இரு பக்கமும் வந்தால் இந்தத் திரும்பு நடையும் போதாது. அதற்கான விதியை ஆரியபட்டர் தந்திருக்கிறார். இருவரிடம் சம மதிப்புள்ள செல்வம் இருக்கிறது. ஒருவரிடம் 6 பசுவும் 100 பணமும், மற்றவரிடம் 8 பசுவும் 60 பணமும் உள்ளன என்று கொள்வோம். பணத்தின் வேறுபாட்டைப் பசுக்களின் வேறுபாட்டால் வகுத்தால் ஒரு பசுவின் விலை கிடைக்கும். 40 ÷ 2 = 20. சரிபார்த்தால் இருபுறமும் 220 வருகிறது.

628-இல் பிரம்மகுப்தர் இவ்விதியைத் தெளிவான சமன்பாட்டு முறையாக வளர்த்தார். தெரியாத எண்ணை அவர் அவ்யக்தம், அதாவது வெளிப்படாதது என்றார். பாஸ்கரர் முதல் தெரியாத எண்ணை யாவத்தாவத், அதாவது "எவ்வளவோ அவ்வளவு" என்றும், அடுத்தடுத்தவற்றைக் காலகம் (கருப்பு), நீலகம் (நீலம்) என நிறங்களின் பெயராலும் அழைத்து, யா, கா, நீ என்று முதல் எழுத்துகளால் குறித்தார். இன்று நாம் எழுதும் எக்ஸ், ஒய் செய்யும் அதே வேலையை அந்த எழுத்துகள் செய்தன.

பெயர்களும் குறிகளும் வந்த வழி

9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மி, ஒரு பக்கம் குறையும் அளவை மறுபக்கத்துக்கு மாற்றி நிறைவாக்கும் செயலை அல்-ஜபர் என்றார். ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா என்ற பெயர் அதிலிருந்து வந்தது. சமக்குறியை 1557-இல் ராபர்ட் ரெக்கார்டு அறிமுகப்படுத்தினார். தெரியாதவற்றுக்கு எக்ஸ், ஒய் ஆகிய எழுத்துகளைப் பயன்படுத்தும் வழக்கம் 1637-இல் டேக்கார்ட்டின் நூலால் நிலைபெற்றது. சமன்பாட்டையும் கோட்டையும் ஒன்றாகக் காணும் வழியையும் அந்நூல் திறந்தது.

கோட்டின் சாய்வு என்பதைப் படிக்கட்டாக நினைத்துக்கொள்ளலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் அருகே திருவண்ணாமலை என்ற பெயரில் ஒரு சிறு குன்று இருக்கிறது. அங்குள்ள ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலுக்குப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் திரளான மக்கள் படியேறுகின்றனர். இத்தகைய மலைப்படிகளில் ஒவ்வொரு படியின் உயரமும் அகலமும் ஒன்றே என்று கொண்டால், படிமுனைகளைத் தொட்டுச் செல்லும் கயிறு நேர்கோடாக இருக்கும். படியின் உயரத்தை அகலத்தால் வகுத்தால் வருவது சாய்வு. முதல் படி தொடங்கும் மேடையின் உயரம் நிலையான எண். கீழே நின்றாலும் மேலே நின்றாலும் சாய்வு ஒன்றே என்பதுதான் நேரிய சார்பின் அடையாளம்.

சார்பு என்ற கருத்துக்குத் தனிப் பெயர் வந்தது பிறகுதான். 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் லைப்னிட்ஸ் அதற்குரிய இலத்தீன் சொல்லைக் கணிதத்துக்குக் கொண்டு வந்தார். 1748-இல் ஆய்லர் தம் நூலின் மையமாகவே சார்பை வைத்தார். அவருக்கு அது பெரும்பாலும் ஒரு சூத்திரம். 1837-இல் டிரிக்லே, சூத்திரம் இருக்க வேண்டிய கட்டாயமில்லை, ஒவ்வொரு மதிப்புக்கும் உறுதியான ஒரு மதிப்பு இணைந்தால் போதும் என்ற பார்வையை முன்வைத்தார். அந்தப் பார்வையில் பலாச்சுளை விதி போலவே 248 வாக்கியங்களும் முழுமையான சார்புதான்.

தமிழில் வீசகணிதம்

புதிய குறியீட்டோடு கூடிய இயற்கணிதம் தமிழ் அச்சில் வந்த தொடக்கச் சான்றுகளில் முக்கியமானது, யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கறல் விசுவநாதபிள்ளை 1855-இல் வெளியிட்ட வீசகணிதம். அவர் 1823-இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினரியின் மாணவர். 1857-இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அறியப்படுகின்றனர். நூலின் பெயர் கவனிக்கத்தக்கது. பாஸ்கரரின் பீஜகணிதம் என்ற பெயரே தமிழ் ஒலிக்கேற்ப வீசகணிதமாயிற்று. பீஜம் என்றால் விதை. மேலை முறைக் கணிதம் பழைய பெயரோடு தமிழுக்கு வந்தது.

இதே காலத்தில் தமிழகத்தில் திண்ணைப் பள்ளிகள் மெல்ல மறைந்து அரசுப் பாடத்திட்டம் பரவியது. மா, காணி, முந்திரியோடு எண்சுவடியும் வகுப்பறையை விட்டு நீங்கியது. புதிய பாடநூலில் சமன்பாடு தனியாகவும் அட்டவணை தனியாகவும் வந்தன.

இன்றைய வகுப்பறையில்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடநூலின் முதல் இயல் உறவுகளும் சார்புகளும். மதிப்பகம், துணை மதிப்பகம், வீச்சகம் ஆகிய சொற்கள் அங்கே அறிமுகமாகின்றன. இச்சொற்களைப் பூசணிக் கணக்கோடு பொருத்திப் பார்த்தால் அச்சம் குறையும். கீற்றுகளின் எண்ணிக்கையாக வரக்கூடிய எண்கள் எல்லாம் சேர்ந்தது மதிப்பகம். விடையைத் தேட எடுத்துக்கொண்ட எண்களின் கணம், எடுத்துக்காட்டாக இயல் எண்கள் அனைத்தும், துணை மதிப்பகம். அவற்றில் உண்மையில் விடையாக வரும் 15-இன் மடங்குகள் மட்டும் வீச்சகம்.

பின்னோக்கிக் கேட்கும்போது இந்த வேறுபாடு உயிர் பெறுகிறது. 180 விதைகள் இருந்தால் கீற்றுகள் எத்தனை? 180 ÷ 15 = 12. விதைகள் 200 எனில்? 200 ÷ 15 முழு எண்ணாக வராது. பாதிக் கீற்று என்று ஒன்று இல்லாததால், அந்த விதியின்படி 200 விதை கொண்ட பூசணிக்காய் கிடையாது. 200 துணை மதிப்பகத்தில் இருக்கிறது, வீச்சகத்தில் இல்லை. சமன்பாட்டுக்குத் தீர்வு இருக்கிறதா என்ற கேள்வியும், ஓர் எண் வீச்சகத்தில் இருக்கிறதா என்ற கேள்வியும் ஒன்றே என்பது இப்போது புலப்படும்.

திண்ணைப் பள்ளியில் மாணவர் முன்னோக்கிய கேள்விக்கு நொடியில் விடை சொன்னார். பின்னோக்கிய கேள்விக்கு ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் உத்தி தேடினார். தெரியாததற்கு ஒரு பெயரிட்டு, தெரிந்தது போல அதைக் கையாளத் தொடங்கியதும், எல்லா நேரிய கணக்குகளுக்கும் ஒரே வழி போதுமானதாயிற்று. எக்ஸ் என்ற எழுத்தின் பயன் அவ்வளவுதான். அதைக் கண்டு மருளும் மாணவர், பலாப்பழத்தின் முள்ளை எண்ணத் தெரிந்தவர் என்றால், பாதி வழியை ஏற்கெனவே கடந்துவிட்டார்.